வெறுங்குழாயும் வீண்பெருமையும்

சுத்தி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எயார்சொஃப்ட் பிஸ்டலின் முனையில் பூட்டுகிற போலிச் சைலன்சர் அந்தப் பிஸ்டலை நல்லதாக்குவதில்லை. பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்யாது. சில நேரம் கெடுக்கும். "பூட்டினா குறி கூர்மையாகும், சத்தம் போகும், தூரம் கூடும்" என்று யூரியூப்பில் அடித்துவிடுகிற கதையில் முக்கால்வாசி, காசு வாங்கிக்கொண்டு கதைக்கிற கதை. இவ்வளவுதான் எங்கட வாதம். ஏனென்று கீழே சொல்கிறோம்.

"இந்த விளையாட்டுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எயார்சொஃப்ட் யப்பானில் 1970களில் பிறந்தது. நிசத் துவக்கை வைத்திருக்கச் சட்டம் விடாத நாட்டில், துவக்கு ஆசை உள்ள ஆட்களுக்காக உண்டான பொம்மைத் துவக்கு அது. 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டை காஸாலோ ஸ்பிரிங்காலோ மின்மோட்டாராலோ தள்ளிவிடும். இண்டைக்கு இங்கிலாந்து, கனடா, ஐரோப்பா என்று எங்கட சொந்தக்காரப் பெடியள் இருக்கிற நாடுகளில் அது வார இறுதி விளையாட்டு. இங்கே இருக்கிற நாங்கள் அதை வீடியோவில் பார்க்கிறோம், அதே துவக்குகளை மொபைல் கேமில் சுடுகிறோம். பிஸ்டல் கைக்கு வராவிட்டாலும் அதைப் பற்றின பொய் வந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறோம்.

சைலன்சர் எதுக்கு வந்தது?

எங்கட ரோட்டில் சைலன்சர் என்றால் மோட்டார்சைக்கிளின் புகைக்குழாய். அதைக் கழற்றி உள்ளிருக்கிறதை வெட்டி எறிந்து, ஊரே எழும்பச் சத்தம் போட வைப்பது ஒரு கூட்டத்தின் பெருமை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. துவக்குச் சைலன்சரும் வாகனச் சைலன்சரும் ஒரே தத்துவத்தில் ஓடுகிறவை. அமெரிக்காவில் ஹைரம் பேர்சி மக்சிம் என்பவர் 1909 இல் துவக்குச் சைலன்சருக்குக் காப்புரிமை எடுத்தார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மக்சிமின் மகன் அவர். அப்பா உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார், மகன் அதை அடக்க வழி பார்த்தார். இஞ்சின் புகைச் சத்தத்தைக் குறைக்கவும் மகன் அதே யோசனையைப் பயன்படுத்தினார்.

தத்துவம் எளிமையானது. மருந்து எரிந்து வருகிற காற்று கடும் சூட்டோடும் கடும் அழுத்தத்தோடும் குழாய் முனையில் ஒரேயடியாக வெடித்து வெளியேறுவதால்தான் அந்தச் சத்தம். அதை அறை அறையாகத் தடுத்து, விரியவிட்டு, ஆறவைத்து, மெல்ல வெளியே விட்டால் சத்தம் குறையும். 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் வெடிச்சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் பூட்டினால் 130 பக்கத்துக்கு இறங்கும். 130 என்றால் மௌனம் இல்லை. பக்கத்தில் நின்று அடிக்கிற வாகன ஹோர்னை விடப் பலம். சினிமாவில் தலையணைக்குள் ஊதினதுபோல் "புஸ்க்" என்று கேட்கிற சத்தம் எடிற்றிங் அறையில் பிறந்தது. அதுக்கு மேலே, ஒலியை மிஞ்சி ஓடுகிற குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தத்தைச் சைலன்சரால் தொடவே முடியாது.

அப்ப நிசச் சைலன்சர் எதுக்கு? முதல் வேலை காதைக் காப்பாற்றுவது. 140 டெசிபலுக்கு மேலே போகிற வெடிச்சத்தம் காதை நிரந்தரமாகப் பழுதாக்கக் கூடியது. பின்லாந்திலும் நோர்வேயிலும் வேட்டைக்காரர்கள் அதைச் சாதாரணமாகப் பூட்டுவது இதுக்காகத்தான். கொலைகாரனின் கருவி என்ற பெயரைச் சினிமாதான் ஒட்டிவிட்டது.

இப்ப எயார்சொஃப்ட் பிஸ்டலைப் பாருங்கள். யப்பானில் 2006 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 6 மில்லிமீற்றர் குண்டுக்கு 0.98 யூல்தான் உச்சம். 0.2 கிராம் குண்டுக்கு அது செக்கனுக்கு ஏறக்குறைய 99 மீற்றர். ஒலியின் வேகம் 340 மீற்றர் பக்கம். குண்டு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எரிகிற மருந்தும் இல்லை. காதைக் கெடுக்கிற வெடிச்சத்தமும் இல்லை. நிசச் சைலன்சர் எந்த வருத்தத்துக்கு மருந்தோ, அந்த வருத்தம் இந்தப் பொம்மைக்கு இல்லவே இல்லை. வருத்தம் இல்லாதவனுக்கு மருந்து விற்கிறவனை எங்கட ஊரில் என்னவென்று கூப்பிடுவோம்?

சத்தம் எங்கேயிருந்து வருது?

"ஆனா சத்தம் இருக்குத்தானே, டக் டக் எண்டு கேக்குதே" என்பீர்கள். இருக்கிறது. எங்கே இருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

அதிகம் பேர் வாங்குவது காஸ் புளோபாக் பிஸ்டல். குண்டைத் தள்ளின காஸ், மேலே இருக்கிற ஸ்லைட்டைப் பின்னுக்கு அடிக்கும். ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னுக்கு அடிக்கும். உலோகமும் பிளாஸ்ரிக்கும் போய் வந்து மோதுகிற அந்த "கிளக்" சத்தம்தான் நீங்கள் கேட்பதில் பெரிய பங்கு. அது பிறப்பது பிஸ்டலின் நடு உடம்பில். சைலன்சர் இருப்பது மூக்கு நுனியில். வீட்டுக்குப் பின்னால் குசினியில் சட்டி விழுந்து உருளுது, நீங்கள் முன்வாசலுக்குத் திரைச்சீலை போடுகிறீர்கள்.

நிச ஆயுதங்களை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்த விசயம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் செய்த வெல்ரொட் பிஸ்டலில் தானாக ஓடுகிற ஸ்லைட் கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து ஏற்ற வேணும். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய ஹஷ் பப்பி பிஸ்டலில் ஸ்லைட்டைப் பூட்டி வைக்க ஒரு தடுப்பே இருந்தது. சத்தம் குறைய வேணுமென்றால் முதலில் இயந்திரத்தின் வாயை மூட வேணும் என்பது அவர்கள் கணக்கு.

நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்கிறோம். உள்ளே ஸ்பொஞ்ச் வைத்த போலிச் சைலன்சர், முனையால் வெளியேறுகிற காஸின் "பொப்" சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும். சத்தம் கீழ்த்தொனிக்குப் போகும். தூரத்தில் நிற்கிறவனுக்குத் திசை பிடிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம். உள்ளே ஸ்பொஞ்சே இல்லாத வெறும் அலுமினியக் குழாய்க்கு இந்தக் குணம்கூடக் கிடையாது. எதையும் அடக்காது, வெற்றுத் தகரத்துக்குள் கூப்பிட்டதுபோல் எதிரொலிக்கத்தான் செய்யும். கடையில் கிடக்கிற மலிவுச் சாமானில் வெறுங்குழாய்களும் தாராளமாகக் கிடக்குது.

குறி கூடுமா?

இதுதான் பெரிய பொய். குறி எங்கே முடிவாகிறது என்று விளங்கினால் பொய் தானாக விழும்.

எயார்சொஃப்ட் குண்டு உருண்டை. அதை நேராகக் கொண்டுபோவது ஹொப்-அப் எனும் சின்ன ரப்பர். குழாயின் அடியில் குண்டின் முதுகை உரசி, அதைப் பின்பக்கமாகச் சுழலவிடும். அந்தச் சுழற்சிதான் குண்டைக் காற்றில் தாங்கி நிறுத்துகிறது. பிறகு உள்குழாய் திசையைக் கொடுக்கிறது. குண்டு உள்குழாயின் வாயைத் தாண்டின அந்தக் கணத்தில் எல்லாம் முடிந்தது. சுழற்சி, வேகம், திசை மூன்றும் முடிவாகிவிட்டது. அதுக்குப் பிறகு வருகிற எந்தக் குழாயும் குண்டுக்கு உதவி செய்யேலாது. செய்யக் கூடியது ஒன்றே ஒன்று: குறுக்கே நிற்பது.

அது நிற்கவும் செய்யும். போலிச் சைலன்சர் பூட்டுகிற புரி பெரும்பாலும் 14 மில்லிமீற்றர் இடம்புரி. பல பிஸ்டல்களின் புரி வேற அளவு. அதனால் இடையில் ஒரு அடப்ரர் வைக்க வேணும். ஒரு மூட்டுக்கு இரண்டு மூட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம். குழாய் நேர்கோட்டில் இருந்து கொஞ்சம் சரிந்தாலும் குண்டு ஸ்பொஞ்சை அல்லது முன்மூடியின் விளிம்பை உரசும். உரசின குண்டு சுழற்சியை இழந்து எங்கேயோ போகும். சுட்டவன் ஹொப்-அப்பைத் திருகித் திருகி மண்டையைப் பிய்ப்பான். வருத்தம் மூக்கில், மருந்து காலுக்கு.

பாரமும் இருக்கிறது. பல பிஸ்டல்களின் வெளிக்குழாய் ஸ்லைட் ஓடும்போது கொஞ்சம் சரிந்து எழும்புகிற மாதிரி அமைப்பு. அதன் நுனியில் உலோகத்தைத் தொங்கவிட்டால் வெளிக்குழாய் கீழே இழுபடும், ஸ்லைட் திரும்பி வருவதில் சோம்பல் வரும். நிசப் பிஸ்டல்களில் இதே சிக்கல் இருப்பதால்தான் அவற்றின் சைலன்சருக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு தனிப் பொறி இருக்கும். போலியில் அந்தப் பொறி இல்லை. வெளித்தோற்றத்தைக் கொப்பி அடித்தார்கள், உள்ளே இருந்த காரணத்தை விட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒன்று. குழாய் தடிப்பானது. சாதாரணப் பிஸ்டலின் குறிகாட்டி பதிவானது. பூட்டினால் பல பிஸ்டல்களில் குறிபார்க்கிற இடத்தில் குழாயின் முதுகு தெரியும். நிசத்தில் இதுக்காகவே உயரமான குறிகாட்டி போடுகிறார்கள். "குறி கூடும்" என்று வாங்கின சாமான், குறியையே மறைக்குது.

நீட்டின உள்குழாய்

இங்கே விற்கிறவன் ஒரு சூட்சுமம் வைத்திருப்பான். "சைலன்சருக்குள்ள நீளமான உள்குழாய் ஒளிச்சு வைக்கலாம், வேகம் கூடும்." இதில் உண்மை இருக்கிறது. அப்ப வேலை செய்வது உள்குழாய். சைலன்சர் அதுக்கு உறை மட்டும். உறைக்கு ஏன் வாளின் விலை?

அந்த உண்மைக்கும் எல்லை உண்டு. பிஸ்டலில் ஒரு சூட்டுக்கு வருகிற காஸ் ஒரு அளவுதான். குண்டைத் தள்ளினதும் வால்வு திரும்பி மிச்சத்தை ஸ்லைட்டுக்கு அனுப்பும். அதுக்கு மேலே குழாயை நீட்டினால் தள்ளுவதுக்குக் காஸ் இல்லை, உரசல் மட்டும் மிச்சம். வேகம் கூடுவது நிண்டு குறையத் தொடங்கும்.

கூடினாலும் நல்லதா என்று யோசியுங்கள். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் 10 வீதம் கூடினால் சக்தி 21 வீதம் கூடும். 0.2 கிராம் குண்டு செக்கனுக்கு 100 மீற்றரில் 1 யூல். 110 மீற்றரில் 1.21 யூல். ஒவ்வொரு மைதானத்திலும் நாட்டிலும் இதுக்கு எல்லை இருக்கிறது. இங்கிலாந்தில் 2017 சட்டப்படி தொடர்ந்து சுடக்கூடியதுக்கு 1.3 யூல், ஒவ்வொன்றாகச் சுடுகிறதுக்கு 2.5 யூல். அதைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது எயார்சொஃப்ட் இல்லை. மைதானங்கள் பிஸ்டலுக்கு வைக்கிற எல்லை பெரும்பாலும் அதை விடக் குறைவு. பூட்டிவிட்டு வேகத்தை அளக்காமல் மைதானத்துக்குப் போகிறவன் மற்றவனின் பல்லோடு விளையாடுகிறான்.

"அப்ப எம்கே23?"

விசயம் தெரிந்தவர்கள் இதைக் கேட்பார்கள். கேட்கத்தான் வேணும். ரோக்கியோ மாருயி கொம்பனியின் எம்கே23 பிஸ்டல் சைலன்சரோடேயே வருகிறது. எயார்சொஃப்ட் ஆட்கள் நடுவில் சத்தமில்லாத பிஸ்டல் என்று பெயரெடுத்தது அது. அப்ப எங்கட வாதம் பிழையா?

வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எம்கே23 இன் ஸ்லைட் சூட்டுக்குச் சூடு ஓடுவதில்லை, நிலையாக நிற்கும். மோதுகிற "கிளக்" கிடையாது. மிஞ்சுவது முனையின் "பொப்" மட்டும், அதை ஸ்பொஞ்ச் விழுங்கும். அமைதிக்கு வழி திறந்தது ஸ்லைட், கடைசித் துளியைத் துடைத்தது சைலன்சர். அதே சைலன்சரை ஸ்லைட் அடிக்கிற பிஸ்டலில் பூட்டிவிட்டு "எம்கே23 மாதிரி" என்று சொல்வது, மாட்டுவண்டிக்குக் கார்க் கண்ணாடி பூட்டுகிற வேலை.

ட்ரேசர் பற்றியும் சொல்ல வேணும். சைலன்சர் வடிவத்தில் வருகிற அந்தக் கருவிக்குள் புறஊதா வெளிச்சம் இருக்கும். ஒளிரும் குண்டு கடந்து போகும்போது அதுக்கு வெளிச்சம் ஏற்றிவிடும். இருட்டில் குண்டு பச்சைக் கோடாகப் பறப்பது தெரியும், எங்கே போகுது என்று பார்த்துத் திருத்தலாம். உண்மையான பயன். ஆனால் வேடிக்கையைக் கவனியுங்கள். சைலன்சர் வடிவத்தில் வருகிறதில் மெய்யாக உழைக்கிற சாமான், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எதிரிக்குப் பச்சை விளக்குப் பிடித்துக் காட்டுகிற சாமான்.

கேம் பழக்கின கணக்கு

பிறகேன் நம்புகிறோம்? கேம் எங்களைப் பழக்கி வைத்திருக்கிறது. அங்கே துவக்கு என்பது சில இலக்கங்கள். ஒரு பாகம் பூட்டினால் ஒரு இலக்கம் மாறும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் யூஎஸ்பி-எஸ் பிஸ்டலின் சைலன்சரைக் கழற்றிவிட்டு விளையாடுகிறவனைக் காண்பதே அரிது. பப்ஜியில் சப்ரெஸர் கண்டால் பாய்ந்து எடுப்போம். அந்தப் பழக்கத்தோடு நிச உலகத்துக்கு வந்தால், எந்தச் சாமானைக் கண்டாலும் "இது எத்தனை கூட்டும்?" என்றுதான் கேட்போம். நிச உலகத்தில் பாகம் பூட்டினால் முதலில் கூடுவது பாரமும் பில்லும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. ஒரே பிஸ்டல், ஒரே வகைக் குண்டு. 20 மீற்றரில் ஒரு கடதாசி. ஆறவிட்டு ஆறவிட்டு, சைலன்சரோடு பத்து, இல்லாமல் பத்து. ஆறவிடச் சொல்வது சும்மா இல்லை. தொடர்ந்து சுட்டால் மகசீன் குளிர்ந்து காஸின் அழுத்தம் விழும், அந்த வித்தியாசமே சைலன்சர் செய்கிறதாகச் சொல்கிற வித்தியாசத்தை விழுங்கிவிடும். கடதாசியில் துளைகளின் பரவலை அளவுகோலால் அளவுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, பக்கவாட்டில் தள்ளி நிற்கிற ஒருவரிடம் சத்தத்தைக் கேளுங்கள். பூட்டினது எது, பூட்டாதது எது என்று அவருக்குச் சொல்லாமல் கேளுங்கள். இவ்வளவு செய்து காட்டாமல் "பேர்ஃபோமன்ஸ்" என்று கதைக்கிற வீடியோ விளம்பரம்தான்.

குறி கூட வேணுமென்றால் வழி இருக்கிறது, வடிவாகத் தெரியாத வழி. நல்ல ஹொப்-அப் ரப்பர், கொஞ்சம் பாரமான தரமான குண்டு, உள்குழாயைத் துடைத்து வைக்கிறது, பிறகு பயிற்சி. ஒன்றும் படத்தில் விழாது. அதனால்தான் ஒருத்தரும் விற்பதில்லை.

"வடிவுக்குத்தானே?"

கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் இது. சரி, வடிவுக்கு என்றால் வடிவுக்கு என்று சொல்லுங்கள். பொம்மையை வடிவாக்குவது குற்றம் இல்லை. ஆனால் அந்த வடிவு என்ன வடிவு என்று ஒருக்கால் பாருங்கள்.

அமெரிக்காவில் 1988 இல் நிறைவேறின சட்டத்தின்படி, விற்கிற பொம்மைத் துவக்கின் முனையில் பளிச்சென்ற செம்மஞ்சள் அடையாளம் இருக்க வேணும். எயார்சொஃப்டும் அதுக்குள் அடக்கம். அந்தச் செம்மஞ்சள் இருப்பது எங்கே? சைலன்சர் பூட்டுகிற அதே முனையில். பல பிஸ்டல்களில் அதைக் கழற்றாமல் சைலன்சர் ஏறாது, ஏறினாலும் மறைந்துவிடும். இது பொம்மை என்று தூரத்தில் நிற்கிறவனுக்குச் சொல்கிற ஒரே வார்த்தையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சினிமாக் கொலைகாரனின் கையெழுத்தைப் பூட்டுகிறோம்.

2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாண்ட் நகரப் பூங்காவில் தமீர் றைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் கையில் எயார்சொஃப்ட் பிஸ்டலோடு நின்றான். செம்மஞ்சள் முனை அதில் இல்லை. பொலிசுக்கு அழைத்தவர் "பொம்மையாக இருக்கலாம்" என்று சொல்லியும் அது வந்த பொலிஸ்காரருக்குப் போய்ச் சேரவில்லை. வந்து நின்ற இரண்டு செக்கன்களுக்குள் சுட்டார்கள். மறுநாள் பிள்ளை செத்துப்போனான். அதுக்கு முந்தின வருசம் கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் அன்டி லோபெஸ், வயது 13. அவன் கையில் இருந்த எயார்சொஃப்ட் துவக்கின் செம்மஞ்சள் முனை உடைந்துபோயிருந்தது.

இந்த இரண்டு இடத்திலும் சைலன்சர் இருக்கவில்லை. குற்றம் பிள்ளைகளிலும் இல்லை, சுட்ட கையில்தான். அந்த முனையும் அவர்களைக் கட்டாயம் காப்பாற்றியிருக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பயந்த கையும் ஆளின் நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிற கண்ணும் செம்மஞ்சளைக் கடந்தும் சுடும். ஆனால் பொம்மைக்கும் நிசத்துக்கும் நடுவில் இருந்த கொஞ்ச நூலையும் வடிவுக்காக அறுப்பதுக்கு ஒரு நியாயமும் இல்லை. துவக்கின் நிழலைக் கண்டே வீதியைக் கடந்த ஆட்கள் இருக்கிற வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இதைத் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை.

இங்கிலாந்து 2006 சட்டத்தால் நிசம்போல் தெரிகிற பொம்மைத் துவக்கு விற்பதைத் தடுத்தபோது, எயார்சொஃப்ட் விளையாடுகிறவர்களுக்கு ஒரு விலக்குக் கொடுத்தது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுத்தது. அந்த விலக்கு விளையாட்டுக்குக் கொடுத்தது, படம் பிடித்துப் போடுகிறதுக்குக் கொடுத்தது இல்லை.

ஆகவே அங்கே விளையாடுகிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்கிறோம். பூட்ட விருப்பம் என்றால் மைதானத்துக்குள் பூட்டுங்கள். வெளியே வரும்போது கழற்றிப் பையில் வையுங்கள், செம்மஞ்சளைத் திருப்பிப் பூட்டுங்கள். வேகத்தை அளவுங்கள். குறி கூடினது என்று மட்டும் சொல்லாதீர்கள், அளந்து காட்டாமல். இங்கே இருந்து வீடியோ பார்க்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்தமுறை ஒருவர் குழாயைப் பூட்டிவிட்டு "வேற லெவல்" என்று கத்தினால், கீழே கொமன்ற்ரில் கேளுங்கள்: கடதாசி எங்கே?